சாச்சியின் கோப்பை

(பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டு விழாவையொட்டி ஒழுங்கு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் சிறிது விரித்து எழுதியுள்ளேன்.)

 

இந்த மேடையில் நான் கடைசியாக நின்றது தரம் 11இல், மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்காக. நடுவில் மறந்துபோய் அழுதுகொண்டு இறங்கினேன். அதனால் இன்று கையில் தாள் வைத்திருக்கிறேன்.

'பெண்களும் ஆரோக்கியமும்' என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசும்படி சங்கத்தின் செயலாளர் கேட்டார். சீனி வருத்தம், பிரஷர், மார்பகப் புற்றுநோய் என்று ஏதாவது ஒன்றைப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். காசநோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "டொக்டர், அது இப்பயும் இரிக்கா?" என்றார். அவர் படித்தவர், ஒரு பாடசாலையின் பிரதி அதிபர். அவருக்கே அந்தச் சந்தேகம் என்றால் இதைத்தான் பேச வேண்டும் என்று தீர்மானித்தேன்.

எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் இடது கையின் மேற்பகுதியை, தோளுக்குக் கொஞ்சம் கீழே, தொட்டுப் பாருங்கள். ஒரு சிறு தழும்பு அகப்படும். பெரும்பாலும் எல்லோருக்கும் இருக்கும். அதுதான் பி.சி.ஜி. ஊசி போட்ட இடம். காசநோய் எங்கள் எல்லோரின் உடம்பிலும் கையெழுத்து வைத்திருக்கிறது, நாங்கள்தான் வாசிப்பதில்லை.

அந்த ஊசியின் கதை ஒரு குடும்பத்தின் கதையும்கூட. கல்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1908 முதல் 13 ஆண்டுகள், மாட்டுக்கு வரும் காசநோயின் கிருமியை, உருளைக்கிழங்கும் பித்தநீரும் சேர்த்த ஊடகத்தில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921இல் பாரிஸில் ஒரு பச்சைக் குழந்தைக்கு அது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அப்போது ஊசியாக அல்ல, வாய்வழி மருந்தாக. அந்தக் குழந்தையைப் பெற்ற தாய் பிரசவித்தவுடன் காசநோயால் இறந்துவிட்டார். வளர்க்க வேண்டிய மூத்தம்மாவுக்கும் அதே நோய். பிள்ளை தப்பியது.

இலங்கையில் இந்த ஊசி 1949 முதல் போடப்படுகிறது. இன்று பிள்ளை பிறந்து வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன்னர் போட்டுவிடுகிறார்கள். ஆனால் "ஊசிதான் போட்டாச்சே, பிறகென்ன" என்று இருந்துவிட முடியாது. சிறு பிள்ளைகளின் மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. நல்ல பலன் தருகிறது. வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அதன் பலன் குறைவு. நோயைப் பரப்புகிறவர்களோ பெரும்பாலும் வளர்ந்தவர்கள்.

ஆகவே செயலாளருக்கு என் பதில்: இருக்கிறது. 2023இல் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோயால் பீடிக்கப்பட்டார்கள் என்றும், 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கொவிட் காலத்தில் இரண்டாம் இடத்துக்குப் போயிருந்த இந்நோய், தனியொரு கிருமியால் அதிகமானோரைக் கொல்லும் நோய் என்ற இடத்துக்கு மீண்டும் வந்துவிட்டது. நான்கில் ஒரு நோயாளர் இந்தியாவில். இந்தோனேசியா, சீனா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான் அடுத்த இடங்களில் வருகின்றன. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே ஆண்டுக்கு 8,000 முதல் 9,000 வரையான நோயாளர் பதிவாகிறார்கள். ஆனால் உண்மையில் 13,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்த மிச்சம் நாலாயிரம் பேரும் எங்கோ ஒரு வீட்டில், தொய்வு என்றும் பழைய சளி என்றும் நினைத்து இருமிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் வீடுகளில் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். என் சாச்சி, உம்மாவின் கடைசித் தங்கச்சி. அவரும் இந்தப் பாடசாலையில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணக்கில் கெட்டிக்காரி என்று உம்மா சொல்வார். எழுபதுகளில், சாச்சிக்குப் பதினெட்டுப் பத்தொன்பது வயதிருக்கும்போது, இருமலில் இரத்தம் வந்தது. வெலிசறையில் பல மாதம் வைத்துச் சுகமாக்கி அனுப்பினார்கள். நான் பிறப்பதற்கு முன்னரே அவருக்கு நோய் போய்விட்டது. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், குசினி ஜன்னலுக்கு மேலே ஒரு எனாமல் கோப்பையும் ஒரு பீங்கானும் தனியாக இருக்கும். சாச்சியின் கோப்பை. நாங்கள் தொடக்கூடாது. பெருநாளைக்கு எல்லோரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது சாச்சி அடுப்படியில் நின்றுகொண்டு எங்களுக்குப் பரிமாறுவார். பிறகு தனியாகச் சாப்பிடுவார். யாரும் அவரை ஏசவில்லை, விரட்டவில்லை. எல்லோரும் அவர்மீது அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்போடுதான் கோப்பையையும் தனியாக வைத்தார்கள். அவருக்குக் கலியாணம் பேசவும் இல்லை. சுகமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து அவர் மௌத்தானபோதும் அந்தக் கோப்பை அதே இடத்தில் இருந்தது.

நான் மருத்துவ பீடத்தில் முதன்முதலாகக் காசநோய் விரிவுரை கேட்ட அன்று எனக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை. காசநோய் காற்றினால் பரவும் நோய். நுரையீரலில் நோய் உள்ளவர், சிகிச்சை தொடங்குமுன், இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகளை, காற்றோட்டமில்லாத இடத்தில் பல மணி நேரம், பல நாட்கள் சுவாசிப்பவருக்குத்தான் தொற்றுகிறது. கோப்பை, பீங்கான், சஹன், துவாய், கைகொடுத்தல் எதனாலும் தொற்றாது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரப்பும் தன்மையும் வேகமாகக் குறைந்துவிடும். சாச்சிக்கு அந்தத் தனிக் கோப்பை ஒரு நாளும் தேவைப்படவில்லை.

தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. உலக மக்களில் நான்கில் ஒருவரின் உடம்பில் இந்தக் கிருமி உறங்குகிறது என்பது கணக்கு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோயாக மாறுகிறது. உடம்பின் காவல் தளரும்போது கிருமி எழும்புகிறது. பட்டினி, புகைத்தல், சிறுநீரக நோய், எச்.ஐ.வி. எல்லாம் அதை எழுப்பும். எங்கள் கரையோரத்தில் நான் அதிகம் காண்பது சீனி வருத்தம். அது உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும் நிலையில், இதைச் சிறிய விடயமாக எண்ண வேண்டாம். சீனியும் கட்டுப்படவில்லை, நிறையும் குறைகிறது என்றால் சீனி மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பதோடு நிறுத்தாமல் சளியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சாச்சியின் தலைமுறை ஏன் அப்படிப் பயந்தது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. ரொபர்ட் கொக் 1882 மார்ச் 24இல் பெர்லினில் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 காசநோய் தினம். கிருமி தெரிந்தும் அறுபது ஆண்டுகளுக்கு மருந்து இல்லை. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது, 1952இல் ஐசோனியாசிட் வந்தது. அதுவரை செய்ய முடிந்ததெல்லாம் நோயாளியைப் பிரித்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று சனட்டோரியத்தில் வைப்பதுதான். பிரித்து வைப்பதே வைத்தியம் என்று நூறு ஆண்டுகளாகப் பழகிய மனங்களுக்கு, மருந்து வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தை உடைத்த ஆராய்ச்சி எங்களுக்குப் பக்கத்தில், சென்னையில் நடந்தது. தமிழ் பேசும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கின. வாலஸ் ஃபொக்ஸ் என்ற மருத்துவர் தலைமை தாங்கினார். நகரத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த நோயாளரில் பாதிப்பேரைச் சனட்டோரியத்தில் வைத்தார்கள். மற்றப் பாதிப்பேரை அவர்களது நெருக்கடியான வீட்டிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, ஒரே அறையில் பிள்ளைகுட்டிகள். குளிசை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று தாதிமார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் சனட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு ஈடாகச் சுகமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

அதன் பின்னர்தான் உலகமெங்கும் சனட்டோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. சென்னையின் குடிசைகளில் வாழ்ந்த, பெயர் தெரியாத அந்த மனிதர்கள் தங்கள் வீட்டிலிருந்து குளிசை விழுங்கியதால்தான் இன்று ஒரு தாய் பிள்ளைகளைப் பிரியாமல் வைத்தியம் செய்துகொள்ள முடிகிறது. அந்த முடிவு வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எங்கள் குசினியில் கோப்பை தனியாக வைக்கப்பட்டது என்பதை நினைத்தால், ஒரு செய்தி பாக்கு நீரிணையைக் கடக்க எவ்வளவு காலம் எடுக்கிறது என்று யோசிக்கத் தோன்றும்.

இனி நான் சொல்லப்போவதை இந்த ஊரில் இதுவரை சொன்னதில்லை.

எனக்கும் காசநோய் வந்தது. உள்ளகப் பயிற்சி வைத்தியராக, ஊரை விட்டுத் தூரத்தில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்த காலம். இரண்டு மாதம் இருமினேன். பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல். இரவில் தலையணை நனையும். நிறை ஆறு கிலோ குறைந்தது. இவை நான்கையும் ஒரு நோயாளி என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அந்த நிமிடமே சளிப் பரிசோதனைக்கு எழுதியிருப்பேன். எனக்கு என்றபோது, நித்திரைக் குறைவு, விடுதிச் சாப்பாடு என்று காரணம் கண்டுபிடித்தேன். என்னோடு வேலை செய்த ஒரு சிங்களத் தோழிதான் கையைப் பிடித்து எக்ஸ்ரேக்கு இழுத்துப் போனாள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் இருந்தது.

ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்ற நான்கும் சேர்ந்த குளிசை. பின் நான்கு மாதம் முதல் இரண்டும் மட்டும். வெறும் வயிற்றில், நாளுக்கு ஒரு தடவை. முதல் மாதம் குமட்டல் இருந்தது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை, மருந்தின் நிறம் அது. லீவில் வீட்டுக்கு வந்த நாட்களில், அந்த நிறத்தை யாரும் காணக்கூடாதென்று குளியலறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவேன். உம்மாவுக்கு மட்டும் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் "மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மெலிஞ்சிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். காசநோயைப் பற்றி எல்லாம் படித்த, சாச்சியின் கோப்பையை நினைத்து விரிவுரை மண்டபத்தில் தலைகுனிந்த நானே, ஆறு மாதமும் குளிசையைத் துணி அலுமாரிக்குள் சுருட்டி வைத்துத்தான் விழுங்கினேன். என் கணவருக்கு நிக்காஹ்வுக்கு முன் நானே சொன்னேன். மாமிக்கு இன்றுவரை தெரியாது. மலரில் வாசிப்பார்.

மறைக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது. வீட்டில் குமர் இருந்தால் தகப்பனின் இருமலைக்கூட மறைக்கிறார்கள். வெளிநாடு போக நினைக்கிறவரின் பயம் வேறு. வளைகுடா நாடுகளுக்குப் போவதற்கான மருத்துவப் பரிசோதனையில், ஆறிப்போன பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. சுகமானவரைத் திருப்பி அனுப்புவதற்கு மருத்துவத்தில் ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஒருவருடைய வருமானத்தில் பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில், அரசாங்கக் கிளினிக்கில் பெயர் பதிந்தால் வெளிநாட்டு வாய்ப்புப் போய்விடும் என்று அவர் நினைப்பது முட்டாள்தனம் அல்ல. நினைப்பு பிழை, அவ்வளவுதான். பெயர் பதிவதால் எக்ஸ்ரேயில் தழும்பு வருவதில்லை. பிந்துவதால்தான் பெரிய தழும்பு வருகிறது. பிரித்தானியாவுக்கு விசா எடுத்துப் போன நம் மாணவியர் பலருக்கு அந்த மார்பு எக்ஸ்ரே நினைவிருக்கும். அங்கே நோய் இருந்தால் சுகமாக்கிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அதுதான் முறை.

மறைப்பதன் விலையை ஒரு மனிதரிடம் கண்டேன். ஆள் தெரியாதபடி விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது அவர் மருந்து தொடங்கி இரண்டு மாதம். வீட்டோடு குளிசையும் போனது. முகாமில் வைத்தியர்கள் வந்தார்கள், என்னைப் போன்ற மாணவர்களும் வந்திருந்தோம். சீனி மருந்து, பிரஷர் மருந்து இழந்தவர்கள் வரிசையில் நின்று கேட்டு வாங்கினார்கள். அவர் கேட்கவில்லை. ஒரே கூடாரத்தில் நான்கு குடும்பம் இருக்கும்போது எப்படிக் கேட்பது என்று பின்னர் என்னிடம் சொன்னார். அடுத்த ஆண்டு நோய் திரும்பியது, கூடவே அவருடைய சிறிய மகளுக்கும். இருவரும் சுகமானார்கள், அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

இடையில் விட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வயல்காரர்களுக்கு விளக்குவது எளிது. கோரைப் புல்லுக்கு அரைகுறையாக மருந்தடித்தால் மேலே கருகும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, சதை பிடித்து, பசியெடுக்கும்போது மேல் இலைதான் கருகியிருக்கிறது. அப்போது நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகளில் மருந்துக்கு மசியாதவை பெருகும். அந்த வகைக் காசநோய் வந்தால் அண்மைக்காலம் வரை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் ஊசியும் போட வேண்டியிருந்தது.

அந்த ஊசி இரண்டு இளம் பெண்களின் காதைப் பறித்தது. மும்பையில் நந்திதா வெங்கடேசன், பரதநாட்டியம் ஆடியவர், குடலில் வந்த காசநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது கேட்கும் சக்தியை இழந்தார். தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் பூமேசா திசிலேக்கும் அதே கதி. காதைக் கெடுக்காத புதிய மாத்திரையான பெடாகுவிலின் 2012இல் வந்துவிட்டது, ஆனால் விலை எட்டாத உயரத்தில். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் இந்தியாவில் அதன் காப்புரிமையை மேலும் சில ஆண்டுகளுக்கு நீட்டிக்க விண்ணப்பித்தபோது இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. மற்றக் கம்பனிகள் மலிவாகத் தயாரிக்க வழி பிறந்தது. இன்று மருந்துக்கு மசியாத காசநோய்க்கும் பலருக்கு ஊசியில்லாமல் ஆறு மாதத்தில் சிகிச்சை முடிக்கலாம். நந்திதாவும் பூமேசாவும் தங்கள் நோயை மறைத்திருந்தால் அந்த விண்ணப்பத்தை எதிர்க்க அவர்கள் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

பெண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். உலகில் ஆண்களுக்குத்தான் இந்நோய் அதிகம். ஆனால் பெண்களில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறவர்கள் உண்டு. அதற்கு ஒரு சிறிய, வெட்கம் சார்ந்த காரணத்தைப் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. சளிப் போத்தலைக் கொடுத்தால் பெண்கள் எச்சிலைத் துப்பிக் கொடுக்கிறார்கள். பொது இடத்தில் காறித் துப்புவது எங்களுக்குக் கூச்சம், அப்படித்தானே வளர்க்கப்பட்டோம். எச்சிலில் கிருமி தெரியாது. நன்றாக மூச்சை இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுப்பது எப்படி என்று ஒரு சில நிமிடம் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கிருமி கண்டுபிடிக்கப்பட்ட பெண்களின் தொகை நூற்றுக்கு 8இலிருந்து 13ஆகக் கூடியது. 2007இல் இது வெளிவந்தது. நான் அதை வாசித்த நாள் முதல் எந்தப் பெண்ணுக்கும் வெறும் போத்தலைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. காலையில் எழும்பியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, யாருமில்லாத இடத்தில் நின்று எடுங்கள் என்று செய்து காட்டுவேன்.

கருப்பையையும் அதன் குழாய்களையும் தாக்கும் காசநோயும் உண்டு. இருமல் இருக்காது. பிள்ளை மட்டும் தங்காது. ஓதிப் பார்த்து, நேர்ச்சை வைத்து, கடைசியில் மாப்பிள்ளைக்கு இரண்டாம் கலியாணம் பேசும் கட்டத்தில்தான் சிலர் வைத்தியரிடம் வருகிறார்கள். எல்லாப் பிள்ளையின்மைக்கும் இது காரணம் அல்ல. ஆனால் முன்பு வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதை உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

எங்கள் ஊர்களில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். உம்மாவின் வளவுக்குள் மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு என்று சுவரோடு சுவராக இருக்கிறோம். பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உறங்குகிறார்கள். படிவத்தில் 'குடும்ப அங்கத்தவர்' என்று ஒரு வீட்டை மட்டும் எழுதினால் இங்கே பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். அதனால் நோயாளியின் தொடர்பாளர்களைத் தேடும்போது நான் முதலில் கேட்பது, "உம்மா வளவுல எத்தன வீடு?" என்பதுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து கொடுக்கலாம். இதைச் செய்ய வேண்டுமானால் அந்த வளவில் நோய் இருப்பதை யாராவது ஒரு பெண் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ரமழானில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாத மருந்தில் இருப்பவர்களை நோன்பு பிடிக்க வேண்டாம் என்பேன். மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது, பிறகு கழாச் செய்யலாம். நிறை கூடி, உடம்பு தேறியவர் பிற்பகுதியில் நோன்பு வைக்க விரும்பினால், நாளுக்கு ஒரு வேளை மருந்துதானே, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தானாக மாற்றாமல் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் ஒரு மாதம் நிறுத்திவிட்டுப் பெருநாளுக்குப் பின் தொடங்கக்கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த மருந்தைத் தொடரலாம். குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையின் வேலையை மட்டும் ரிஃபாம்பிசின் குறைத்துவிடும், வேறு முறை கேளுங்கள்.

மருந்து இலவசம், பரிசோதனையும் இலவசம். கல்முனைக்கு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. ஆனால் இலவச மருந்துக்கும் செலவு உண்டு. ஓட்டோக் காசு, வேலைக்குப் போகாத நாள். உலகில் காசநோய் வந்த குடும்பங்களில் சுமார் பாதி, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கின்றன. இந்தியாவின் ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற வைத்தியத் தம்பதியர் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு முதலிய உணவுப் பொருட்களை மேலதிகமாகக் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 வீதத்தால் குறைந்தது. சங்கத்தின் ஸகாத் நிதி பற்றிப் பின்னேர அமர்வில் பேச இருப்பதாக நிகழ்ச்சி நிரலில் கண்டேன். டோஹாவிலும் மெல்பேர்னிலும் இருந்து அனுப்பும் ராத்தாமார் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதச் சாமான். நோயின் பெயர் பொதியில் எழுத வேண்டாம். 2025இல் அமெரிக்க உதவி நின்று பல நாடுகளில் காசநோய் வேலைகள் தடைப்பட்டுப்போனதைப் பார்த்த பிறகு, தூரத்துப் பணத்தை மட்டும் நம்பியிருக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தப் பேச்சை எழுதி முடித்ததும் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சாச்சியின் கோப்பை வரும் இடத்தில் கண்ணைத் துடைத்தார். என் கதை வந்ததும், "இதச் செல்லத்தான் வேணுமா மகள்? தங்கச்சிர மகள்ட கலியாணம் அடுத்த மாசம். அது முடியட்டுமே" என்றார். இருபது ஆண்டுக்கு முந்தி எனக்காகப் பொய் சொன்ன அதே பயம். நான் பேச்சிலிருந்து அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன். அடுத்த நாள் என் தங்கையின் மகள் வந்தாள். அவளும் இந்தப் பாடசாலையின் மாணவிதான், அதோ ஆறாவது வரிசையில் இருக்கிறாள். தாளை வாங்கி வாசித்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அவளே அன்றிரவு தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டாள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "பெரியம்மா, அவங்கட வாப்பாக்கும் வந்திருக்காம்" என்றாள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் உள்ளவர்கள், அல்லது வீட்டில் அப்படி ஒருவர் உள்ளவர்கள், தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் நிற்பேன். சளிப் போத்தல்கள் கொண்டுவந்திருக்கிறேன். அங்கே நல்ல காற்று வருகிறது, யாருக்கும் ஒன்றும் கேட்காது.

வஸ்ஸலாம்.